மாடி அறையில் எழுதியது

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட அறையில் பக்கத்தில் இருப்பவர் பேசுவதுகூடக் கேட்காது. சினிமா எடுக்க வந்தவர்களுக்கு இது தெரிந்திருக்கவில்லை. முதல் நாள் காலையிலேயே மூன்று தரம் வேலை நின்றது. ஒலிப்பதிவு செய்கிறவர் ஹெட்போனைக் கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொண்டு, கூரையைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்.

"இது அடங்க ஒரு மணி நேரம் ஆவும். அதுக்குள்ள நாஷ்டா சாப்பிட்டு வந்துடுங்க" என்றான் சாலமோன், வாசற்படியில் நின்றபடி.

வீடு அவனுடையது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டின் பின்பக்கத் தெருவில் கீழே இரண்டு அறை, மாடியில் ஒரே ஒரு அறை. இரும்பு உருக்கும் கம்பெனிகளின் புகை காற்று திரும்பினால் இந்தப் பக்கம்தான் வரும். வெள்ளைச் சட்டையை வெளியே காயப் போட்டால் கரும்பொட்டு விழும். சாலமோனின் அப்பா இதே மண்ணில் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர். நிலம் கம்பெனிகளாக மாறியபோது மகன் ஐ.டி.ஐ. முடித்து, கார் பாகங்கள் அடிக்கும் கம்பெனியில் பிரஸ் ஓட்டச் சேர்ந்தான். இருபத்திரண்டு வருடத்தில் சூப்பர்வைசர் ஆகிவிட்டான். மகள் ஜெனிபர் வெளியூரில் நர்சிங் படிக்கிறாள்.

மாடி அறையில் ஒடிசாக்காரர்கள் ஆறு பேர் வாடகைக்கு இருந்தார்கள். ஊருக்குப் போனவர்கள் திரும்பவில்லை. சுவரெல்லாம் அவர்கள் அடித்த ஆணி, எண்ணெய்த் தலை சாய்ந்து சாய்ந்து உண்டான கறை. வெள்ளையடிக்கலாம் என்று இருந்த வாரத்தில்தான் இயக்குநர் நந்தினி வந்தாள். முப்பது வயதிருக்கும். சென்னையிலிருந்து ஆட்டோ, ரயில், ஆட்டோ என்று மாறி வந்து, அறைக்குள் போய் நாலு மூலையிலும் நின்று பார்த்தாள்.

"அண்ணா, இந்தச் செவுத்த மட்டும் தொடாதீங்க. முழுப் படமும் இந்த ரூமுக்குள்ளதான்."

"முழுப் படமுமா? பாட்டு, சண்டையெல்லாம்?"

"ஒண்ணும் கெடையாது. ஒரு ஆளு, ஒரு ரூமு."

சாலமோனின் மனைவி கிரேஸுக்கு அதை நம்பவே முடியவில்லை. "ஒரே ரூமுல ரெண்டு மணி நேரம் இன்னாத்தம்மா காட்டுவ? குந்திக்கினு பாக்கறவன் தூங்கிடமாட்டானா?" என்று கேட்டாள். நந்தினி கோபித்துக்கொள்ளவில்லை. சமையலறை வாசலில் உட்கார்ந்து கதையைச் சொன்னாள். ஒரு ஆள் கண் விழிக்கிறான். அறை வெளியே பூட்டியிருக்கிறது. மேஜை மேல் ஒரு கட்டுத் தாள், பேனா. முதல் தாளில் ஒரே ஒரு வரி: நீ செய்ததை எழுது. எதைக் கேட்கிறார்கள் என்று அவனுக்குத் தெரியவில்லை. ஒவ்வொன்றாக எழுதிக் கதவுக்கு அடியில் தள்ளுகிறான். கதவு திறக்கவில்லை. இன்னும் எழுதுகிறான்.

"பாவம்" என்றாள் கிரேஸ். "இன்னா செஞ்சானாம்?"

"அதான் படம்க்கா."

சாலமோன் கேட்டுக்கொண்டே இறால் உரித்துக்கொண்டிருந்தான். பழவேற்காட்டிலிருந்து கூடையில் கொண்டுவரும் அம்மாளிடம் வாங்கியது.

படப்பிடிப்புக்காரர்கள் ஒன்பது பேர்தான். சாப்பாடு கிரேஸின் பொறுப்பு. காலையில் இட்லிக்கு வடகறி, மதியம் இறால் தொக்கோ கருவாட்டுக் குழம்போ. அவள் சமைப்பது தெரு முனை வரை மணக்கும். நடிகர் சரவணகுமார் நாடகத்திலிருந்து வந்தவர், படத்துக்காக மெலியவேண்டுமாம். இரண்டு இட்லியோடு எழுந்துகொள்வார். கிரேஸ் வலுக்கட்டாயமாக மூன்றாவது வைப்பாள்.

அந்த மாதம் சாலமோனுக்கு பி ஷிஃப்ட். மத்தியானம் ஒன்றரைக்குக் கிளம்பினால் போதும். காலை முழுக்கச் சும்மா இருந்தவனை மூன்றாம் நாள் கேமராக்காரர் கூப்பிட்டார். லைட் சரிசெய்ய நேரம் எடுக்கிறது. அதுவரை நடிகர் உட்கார்ந்தே இருந்தால் களைத்துப் போவார். சாலமோனும் அதே உயரம், அதே நிறம். நாற்காலியில் உட்கார்ந்தால் போதும்.

"நடிக்கலாம் தெரியாது எனக்கு" என்றான்.

"நடிக்கவே கூடாதுண்ணா. சும்மா குந்தணும். அவ்ளோதான்."

உட்கார்ந்தான். எதிரே மேஜை, தாள், பேனா. ஜன்னலுக்குக் கறுப்புத் துணி கட்டியிருந்தார்கள். கதவைச் சாத்தியதும் அவன் கட்டிய அறையே அவனுக்கு அடையாளம் தெரியவில்லை. தலைக்கு மேல் விளக்கை ஏற்றினார்கள், இறக்கினார்கள். கையை மேஜைமேல் வைக்கச் சொன்னார்கள். வலது கையில் வெளிச்சம் விழுந்தது. அந்தக் கையையே அரை மணி நேரம் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியிருந்தது.

கீழே இறங்கி வந்தபோது சட்டை நனைந்திருந்தது. "மழயில நனஞ்சியா?" என்று கேட்டாள் கிரேஸ். "லைட்டு சூடு" என்றான்.

மறுநாளும் உட்கார்ந்தான். அதற்கடுத்த நாளும். மழை வந்து வேலை நிற்கும்போது மற்றவர்கள் கீழே போய்விடுவார்கள். அவன் மட்டும் சிலநேரம் நாற்காலியிலேயே இருப்பான். ஒரு தரம் சரவணகுமாரும் போகாமல் தரையில் கால் நீட்டி உட்கார்ந்துகொண்டார்.

"சார், ஒண்ணு கேக்கவா?" என்றார். "உங்கள இந்த ரூமுல போட்டு எழுதுன்னா மொதல்ல இன்னா எழுதுவீங்க?"

சாலமோன் சிரித்தான். "எங்க அப்பன் பாக்கெட்ல காசு எடுத்தது எழுதுவேன்."

"நானும் அதே மாதிரிதான் யோசிச்சேன். சின்னச் சின்னதா எழுதினுருப்பான். பெருசு தெரியாம இல்ல. தெரிஞ்சுதான் சுத்திச் சுத்தி வரான். அவன் ஏன் நேரா எழுதல, அதான் எனக்குப் புரியமாட்டேங்குது. எழுதிட்டா வெளிய போலாமே."

கூரையில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. சாலமோன் குரலை உயர்த்தித்தான் பேசவேண்டியிருந்தது. "எழுதிட்டா அப்பறம் அவன் யாரு? வெளிய போயி எந்த மூஞ்ச வெச்சிக்கினு சோறு துன்னுவான்? உள்ள குந்தினுருந்தா இன்னும் நல்லவன்தான."

சரவணகுமார் அவனை நிமிர்ந்து பார்த்தார். பாக்கெட்டிலிருந்து சின்ன நோட்டை எடுத்து அதைக் குறித்துக்கொண்டார்.

ஏழாம் நாள் காலை மழை இல்லை. எழுதும் கையையும் தாளையும் கிட்டத்தில் எடுக்கவேண்டும். கேமராவை மேஜை மேல் சாய்த்து நிறுத்தியிருந்தார்கள். படம் தெரியும் சின்னத் திரை வெளியே, மாடிப்படி மேல்தட்டில் இருந்தது. நந்தினி அங்கே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தாள். சரவணகுமார் முகம் கழுவப் போயிருந்தார்.

"அண்ணா, எதாச்சும் எழுதுங்க. ஃபோகஸ் பாத்துடறோம்" என்று வெளியிலிருந்து குரல் கொடுத்தாள்.

"இன்னா எழுதறதும்மா?"

"எது வேணும்னாலும். உங்க பேரு, ஊரு. யாரும் படிக்கப் போறதில்ல."

அவன் பேனாவை எடுத்தான். 'சாலமோன், கும்மிடிப்பூண்டி' என்று எழுதினான். "நிறுத்தாம எழுதினேயிருங்க" என்றார் கேமராக்காரர். கை நகர்ந்தது. அடுத்து என்ன எழுதுகிறோம் என்று அவன் யோசித்ததாகத் தெரியவில்லை. ஷிஃப்ட் முடிவில் ரிப்போர்ட் எழுதுகிற அதே கையெழுத்து, அதே வேகம்.

'ஏழாம் நம்பர் பிரஸ்ஸில் வலது பட்டனை டேப் சுற்றி அமுக்கி வைத்தது நான். குப்புராஜ் இல்லை. அவன் கத்தியபோது எல்லாரும் அவனைத் தூக்க ஓடினார்கள். நான் டேப்பைப் பிரிக்கப் போனேன்.'

அந்த நேரத்தில்தான் கிரேஸ் டீத் தட்டோடு படியேறி வந்தாள். திரையில் கணவனின் கை பெரிதாகத் தெரிந்தது. கட்டைவிரல் நகத்தில் இருந்த பழைய கறுப்பைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பு வந்தது. நந்தினியிடம் ஏதோ சொல்ல வாயெடுத்தவள் எழுத்தைப் படித்தாள். நந்தினியும் படித்துக்கொண்டிருந்தாள். தட்டைக் கீழே வைக்க இடமில்லாமல் அதைப் பிடித்துக்கொண்டே நின்றாள் கிரேஸ். பிறகு தட்டோடு திரும்பி இறங்கிவிட்டாள். அன்று டீ யாருக்கும் வரவில்லை.

சாலமோன் சமையலறைக்கு வந்தபோது அவள் அடுப்பை அணைத்திருந்தாள். அரிசி பாதி வெந்து நின்றது.

"இன்னா எழுதின மேல?"

அவனுக்கு உடனே புரிந்துவிட்டது. சுவரோரம் சாய்ந்தான்.

"கேக்கறேன்ல. சினிமாவுக்கு எழுதினியா, நெஜத்துக்கு எழுதினியா?"

"நெஜம்தான்."

அவள் கீழே உட்கார்ந்தாள். "சொல்லு. ஒண்ணு உடாம சொல்லு."

அவன் சொன்னான். பிரஸ்ஸுக்கு இரண்டு பக்கமும் பட்டன். இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் மேலே இருக்கிற அச்சு இறங்கும். இரண்டு கையும் பட்டனில் இருந்தால் அச்சுக்கு அடியில் கை போகாது, அதற்குத்தான் அப்படி. அன்றைக்கு லாரி கேட்டில் நின்றது. மேனேஜர் போன் மேல் போன். ஒரு பட்டனை அமுக்கிக் கட்டிவிட்டால் ஒரு கையால் தகடு வைத்து மறு கையால் அடிக்கலாம். வேலை இரட்டிப்பாக ஓடும். எல்லாக் கம்பெனியிலும் நடப்பதுதான். சாலமோன்தான் டேப் சுற்றினான். 'லோடு ஏறனதும் எடுத்துடறேன்' என்று பிரஸ் ஓட்டிக்கொண்டிருந்த குப்புராஜிடம் சொன்னான். லோடு ஏறவில்லை. அதற்குள் தகடு சிக்கி, அதை எடுக்கப்போன வலது கை மணிக்கட்டு வரை போய்விட்டது.

"அப்ப நீ ஓடிப்போயி அவுரு கையப் புடிக்கல?"

"இல்ல."

"அவுரு கீய கெடக்கறாரு. நீ டேப்பு பிரிச்சினுருந்த."

"பிரிச்சு பாக்கெட்ல வெச்சிக்கினேன். அப்பறந்தான் ஓடினேன். அப்ப மேனேஜருகூட வரல கிரேஸு. யாரும் சொல்லல. நானா செஞ்சேன்."

மாடியில் யாரோ நாற்காலியை இழுக்கும் சத்தம் கேட்டது.

"மேனேஜர் அப்பறமாதான் சொன்னாரு. அவனே கட்டிக்கினான்னு எழுது, இல்லாட்டி உள்ள போறது நீதான்னாரு. எழுதிக் குடுத்தேன். ஆஸ்பத்திரில அவன் எடது கை பெருவெரலப் புடிச்சி நான்தான் பேப்பர்ல வெச்சேன். தன் தப்புதான்னு அவன் ஒத்துக்கின மாதிரி."

கிரேஸ் அவனையே பார்த்தாள். அழவில்லை. அழுதிருந்தால் அவனுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"மூணு கிறிஸ்துமஸ்" என்றாள். "மூணு கிறிஸ்துமஸுக்கு ஊத்துக்கோட்டைக்கு பஸ் ஏறி அந்த ஊட்டுக்குப் பிரியாணி கொண்டும்போனேன். திலகவதி கையப் புடிச்சிக்கினு ஜெபம் பண்ணேன். எம்புருசன கர்த்தர் காப்பாத்தினாரு, உம்புருசனுக்கும் வழி காட்டுவாருன்னு சொன்னேன்யா. அவ தலயாட்டினா. நீ கூடவே குந்தினு தல குனிஞ்சுக்கினுருந்த. நான் இன்னா நெனச்சேன் தெரியுமா? ஃப்ரெண்டுக்கு இப்பிடி ஆயிடிச்சேன்னு துக்கம்னு நெனச்சேன்."

"துக்கமும் இருந்தது."

"இருந்திருக்கும். யார் மேல?"

அவன் சுவரோரமாகவே சரிந்து உட்கார்ந்தான்.

"நீ போயி சொல்ற" என்றாள் அவள். "பாஸ்டர்கிட்ட இல்ல. ஏசப்பாகிட்ட இல்ல. அவுருகிட்ட."

"வேல பூடும். கேஸாவும். ஜெனிபரு நர்சிங் கடசி வருசம்."

"அவளுக்கு நான் பத்துப்பாத்திரம் தேச்சிக்கூட ஃபீஸு கட்டுவேன். நீ போயி சொல்லு. சொல்லிட்டு வந்தாதான் நான் உனுக்குச் சோறு போடுவேன்." அடுப்பைப் பற்றவைத்தாள். "இந்தச் சோறு மேல கீறவங்களுக்கு."

அன்று அவன் ஷிஃப்டுக்குப் போகவில்லை. வேலை முடிந்து எல்லாரும் கிளம்பிய பிறகு நந்தினி மட்டும் நின்றாள். கையில் அந்தத் தாள் மடித்திருந்தது.

"அண்ணா, நான் பொய் சொல்ல விரும்பல. படிச்சதும் எனக்கு மொதல்ல தோணினது, இது நல்ல ஷாட்டுன்னுதான். அப்பறம்தான் அசிங்கமா இருந்துது. கேமரால பதிவாயிருக்கு. அழிச்சுடறேன். உங்க முன்னாலயே."

சாலமோன் அந்தத் தாளை அவள் பக்கமே தள்ளினான். "படத்துல போடாதம்மா. ஆனா அழிக்காத."

"ஏண்ணா?"

"நாளைக்கு நான் மாத்திப் பேசுவேன். என்னப் பத்தி எனக்குத் தெரியும். பேசினா அத்தக் காட்டு."

மறுநாள் அவன் கம்பெனிக்குப் போனான். மேனேஜர் அறையில் நின்று, ஊத்துக்கோட்டைக்குப் போய் உண்மையைச் சொல்லப் போவதாகச் சொன்னான். மேனேஜர் முதலில் சிரித்தார். பிறகு ஏர்கண்டிஷனரைக் குறைத்தார். "குடும்பத்தோட யோசிச்சியா?" என்று கேட்டார். "யோசிச்சாச்சு சார்" என்றான். கேட்டில் அடையாள அட்டையை வாங்கி வைத்துக்கொண்டார்கள். அப்படியே சிப்காட் ரோட்டில் நின்று ஊத்துக்கோட்டை பஸ்ஸில் ஏறினான்.

குப்புராஜ் ஊத்துக்கோட்டை பஸ் ஸ்டாண்டு பக்கம், ஷேர் ஆட்டோக்கள் நிற்கும் இடத்தில் இருந்தான். ஊர்ப்பெயர் சொல்லி ஆள் ஏற்றுவது அவன் வேலை. "சத்தியவேடு, சத்தியவேடு! ரண்டி ரண்டி, ஒக்க சீட்டு! வாங்க வாங்க, ஒரே சீட்டு" என்று தெலுங்கிலும் தமிழிலும் கூவிக்கொண்டிருந்தான். வலது கையின் சட்டைக் கையை மடித்து ஊக்கு குத்தியிருந்தான். சாலமோனைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"இன்னா நைனா, கிறிஸ்துமஸ் இன்னும் வர்லியே?"

"உன்னாண்ட பேசணும் குப்பு. ஊட்டுக்குப் போலாமா?"

"ஜெனிக்குக் கல்யாணமா?"

"இல்ல. வா."

வீடு பக்கத்தில்தான். தெருவெல்லாம் மழைச் சேறு. திலகவதி அப்போதுதான் நூறு நாள் வேலையிலிருந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்தாள். "வாங்கண்ணா. கிரேஸக்கா வர்லியா?" என்று பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டாள். சாலமோன் உட்காரவில்லை. நின்றபடியே, எங்கும் நிறுத்தாமல் சொன்னான். நிறுத்தினால் தொடர முடியாது என்று அவனுக்குத் தெரியும். டேப் சுற்றியது, பிரித்தது, எழுதிக் கொடுத்தது, விரல் பிடித்தது.

சொல்லி முடித்தபோது குப்புராஜ் கேட்டான்:

"நீ சுத்தினியா?"

"நான்தான்."

"நான் சுத்தல?"

சாலமோனுக்கு அந்தக் கேள்வி புரியவில்லை. "நீ எங்கடா சுத்தின? உனக்குத்தான் தெரியுமே. லோடு ஏறினதும் எடுக்கறேன்னு உன்னாண்டதான சொன்னேன்."

குப்புராஜ் மெதுவாகச் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான்.

"எனக்குத் தெரியாது சாலமோனு. அன்னிக்குக் காலீலருந்து ஒண்ணும் ஒயுங்கா ஞாபகம் இல்ல. ஆஸ்பத்திரில நீதான் வந்து குந்தின. என் தலயத் தடவின. 'குப்பு, நீயேதான் டேப்பு சுத்திக்கினு ஓட்டினுருந்த, ஞாபகம் கீதா?'ன்னு கேட்ட. நான் இல்லன்னேன். நீ திரும்பத் திரும்பச் சொன்ன. நீ எங்கிட்ட பொய் சொல்லுவன்னு நான் எதுக்கு நெனைக்கணும்? ஒரே நாள்ல வேலக்கிச் சேந்தவங்க நாம."

ஆஸ்பத்திரியில் அப்படிப் பேசியதையே சாலமோன் மறந்திருந்தான். விரலைப் பிடித்து வைத்தது மட்டும்தான் நினைவில் இருந்தது. அதற்கு முன்னால் தலையைத் தடவிக்கொடுத்தது நினைவில் இல்லை.

"அப்பறம் ஊட்டுக்கு வந்து யோசிச்சேன். யோசிச்சு யோசிச்சு எனக்கே ஞாபகம் வந்துடிச்சி" என்றான் குப்புராஜ். அவன் குரலில் கோபம் இல்லை. எதையோ தேடுகிறவன் போலப் பேசினான். "டேப்ப நான் பல்லால கடிச்சி அறுக்கறேன். ரப்பர் நாத்தம்கூட வாயில அடிக்குது. அத்தன சுத்தமா கீது. மூணு வருசமா அந்தக் கைய நானே கொண்டுபோய் உட்டன்னு நெனச்சி என்ன நானே செருப்பால அடிச்சிக்கினேன். இப்ப வந்து நீ இல்லன்ற. அப்ப அந்த ஞாபகம் யாருது?"

"குப்பு..."

"இல்ல, சொல்லு. அந்த ஞாபகத்த இப்ப நான் எங்க கொண்டும்போய்ப் போடறது?"

திலகவதி வாசலிலேயே நின்றிருந்தாள். கால் கழுவிய தண்ணீர் அவள் காலடியில் தேங்கியிருந்தது. அவள் சாலமோனைப் பார்க்கவில்லை. கணவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் தெனம் சொல்லிக் காட்டுவேனே" என்றாள். "கொழம்பு கொட்டினா, சோப்பு வழுக்கினா, 'அன்னிக்குக் கொஞ்சம் பொறுத்துருந்தா இந்தக் கதி வருமா'ன்னு. உம்மவகூட அப்பிடித்தான சொல்றா. 'அப்பா அவசரக்காரரு'ன்னு. நீ ஒரு வார்த்த திருப்பிச் சொல்லல. தப்புதான் தப்புதான்னு கேட்டுக்கினே இருந்த."

"எனக்கு இன்னா தெரியும் திலகா."

அவள் உள்ளே போனாள். பாத்திரங்களை எடுத்து வெளியே கொண்டுவந்து போட்டுத் துலக்க ஆரம்பித்தாள். துலக்கியவற்றையே திரும்பத் துலக்கினாள். கொஞ்ச நேரம் கழித்து முதுகைக் காட்டியபடியே சொன்னாள்: "அண்ணா, நீ இங்கேருந்து போயிடு. எங்கைல சாம்பல் கீது, வாரித் தூத்திடுவேன். போயிடு."

சாலமோன் கிளம்பினான். தெருமுனை வரை போனவனை குப்புராஜ் பின்னாலிருந்து கூப்பிட்டான். வேகமாக நடந்து வந்ததில் அவனுக்கு மூச்சிரைத்தது.

"திருவள்ளூர்ல ஃபேக்டரி இன்ஸ்பெக்டர் ஆபீஸ் கீது. அப்ப நான் மனு குடுத்தேன். நானே செஞ்சதுன்னு ரிப்போர்ட்டு கீதுன்னு தள்ளிட்டாங்க. வெள்ளிக்கிழம வருவியா?"

"வரேன்."

"இங்க சொன்னதுலாம் சொல்லுவியா?"

"சொல்லுவேன்."

குப்புராஜ் தலையாட்டிவிட்டுத் திரும்பி நடந்தான்.

வீட்டில் கிரேஸ் காத்திருந்தாள். சாலமோன் எல்லாவற்றையும் சொன்னான். தலையைத் தடவியதையும் சொன்னான். அவள் தட்டு வைத்துச் சோறு போட்டாள், பக்கத்தில் உட்காரவில்லை. அன்றிலிருந்து வீட்டில் தேவைக்கு மேல் பேச்சு இல்லை. ஜெனிபருக்குப் போன் செய்து அவளே விஷயத்தைச் சொன்னாள். மகள் அப்பாவிடம் போனைக் கொடுக்கச் சொல்லவில்லை. மாடியில் படப்பிடிப்பு நடந்துகொண்டிருந்தது. லைட்டுக்கு உட்கார வேறு ஆளை வைத்துக்கொண்டார்கள். சாலமோன் எதிரே வரும்போதெல்லாம் சரவணகுமார் ஒதுங்கி வழி விட்டார். மழைக்கு நடுவே அவர் அடைத்த கதவைத் தட்டிக் கத்தும் சத்தம் கீழே கேட்கும். அந்தச் சத்தம் வந்தால் கிரேஸ் குக்கரில் விசில் வருகிற மாதிரி ஏதாவது ஒரு வேலையை ஆரம்பிப்பாள்.

வெள்ளிக்கிழமை திருவள்ளூர் அலுவலகத்தில் மதியம் வரை காத்திருந்தார்கள். குப்புராஜும் திலகவதியும் ஒரு பெஞ்சில், சாலமோன் எதிர்ப் பெஞ்சில். திலகவதி டிபன் டப்பாவைத் திறந்து கணவனுக்கு எலுமிச்சைச் சோறு பிசைந்து கொடுத்தாள். சாலமோன் வெளியே போய்ப் பன் வாங்கித் தின்றுவிட்டு வந்தான்.

அதிகாரி ஐம்பது வயதுக்காரர், பொறுமையானவர். பழைய கோப்பை எடுத்து வைத்துக்கொண்டு கேட்டார்.

"இதுல இருக்கறது உன் கையெழுத்துதானே?"

"ஆமா சார்."

"அப்ப சொன்னது பொய், இப்ப சொல்றது உண்மைன்னு எப்படி நம்புறது?"

"இப்ப சொல்றதுனால எனக்கு ஒண்ணும் கெடைக்காது சார். இருந்த வேலயும் பூட்டுது."

"மேனேஜர் சொல்லித்தான் கட்டினியா?"

சாலமோன் தயங்கினான். ஆமாம் என்று சொல்லிவிட்டால் பாரம் பாதி இறங்கிவிடும். குற்றத்தில் கம்பெனியும் அவனோடு பங்குக்கு வரும். குப்புராஜ் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"வேல சீக்கிரம் ஓட்டணும்னாரு. எப்பிடின்னு அவுரு சொல்லல. தெரிஞ்சும் தெரியாத மாதிரி இருந்தாரு. கட்டினது நான். பிரிச்சதும் நான். பொய் எழுதச் சொன்னது அவுரு. ஆஸ்பத்திரில இவன நம்ப வெச்சது நான் மட்டும்."

அதிகாரி எழுதுவதை நிறுத்தி அவனைப் பார்த்தார். "இதுல உம்மேலயும் கேஸ் வரும். தெரியும்ல?"

"தெரியும் சார்."

படித்துக் காட்டினார். கையெழுத்துப் போட்டான். விசாரணையை மறுபடி எடுக்க மேலே எழுதுவதாகவும், எல்லாரையும் கூப்பிடுவார்கள் என்றும், நாளாகும் என்றும் அதிகாரி சொன்னார். திலகவதி ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: "சார், இவுரு செய்யலன்னு ஒரு பேப்பர் தருவீங்களா? எம்மவளுக்குக் காட்டணும்." விசாரணை முடிந்த பிறகுதான் அப்படித் தரமுடியும் என்றார் அவர். கொஞ்சம் யோசித்து, இப்போது எழுதிய வாக்குமூலத்தின் நகலை ஒப்புகை முத்திரையோடு கொடுத்தார். அவள் அதை ரவிக்கைக்குள் செருகாமல், மடிக்காமல், டிபன் பைக்குள் நிமிர்த்தி வைத்துக்கொண்டாள்.

மூன்று பேரும் பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார்கள். மழை விட்டு வெயில் சுள்ளென்று அடித்தது. குப்புராஜ் சாலமோன் பக்கத்தில் வந்து நடந்தான். வேலைக்குச் சேர்ந்த புதிதில் இருவரும் இப்படித்தான் கம்பெனி கேட் வரை நடப்பார்கள்.

"கேஸுக்குக் கூப்ட்டா வருவதான?" என்று கேட்டான்.

"எத்தினி தரம் கூப்ட்டாலும் வருவேன்."

"வா. அதுக்கு வா." நடந்தபடியே மடித்த சட்டைக் கையின் ஊக்கைச் சரிசெய்துகொண்டான். "ஊட்டுக்கு வராத. கிரேஸக்கா வரட்டும், திலகா வேணாம்னு சொல்லமாட்டா. நீ வராத. கோவம்லாம் இல்ல நைனா. நீ வந்து எதுருல நின்னா, டேப்ப நான் பல்லால கடிக்கற மாதிரியே கண்ணுல வருது. அத்த நீ இன்னிக்கு இல்லன்னு எழுதிக் குடுத்துட்ட. எனக்கு இன்னும் போவல."

சாலமோன் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தான். கேட்டால் பதில் சொல்லும் பாரமும் குப்புராஜின் தலையில்தான் விழும் என்று தோன்றியது. "சரி குப்பு" என்று மட்டும் சொன்னான்.

ஊத்துக்கோட்டை பஸ் வந்தது. நல்ல கூட்டம். திலகவதி முதலில் ஏறி, முன்பக்கம் ஜன்னலோரம் ஒரு இடம் பிடித்து, கணவனை அங்கே உட்கார வைத்தாள். அவனுடைய இடது கைக்குப் பிடித்துக்கொள்ளக் கம்பி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் தானும் உட்கார்ந்தாள். சாலமோனும் அந்த வழியாகத்தான் ஊருக்குத் திரும்பவேண்டும்.

"பின்னால ஒரு சீட்டு கீது, ஏறு ஏறு" என்று கண்டக்டர் படியிலிருந்து கை நீட்டினார்.

சாலமோன் வேண்டாம் என்று தலையை ஆட்டினான். பின்னால் நகர்ந்து, கடை நிழலில் போய் நின்றான். பஸ் கிளம்பியது. அடுத்தது எப்போது என்று பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டான். ஒரு மணி நேரம் ஆகும் என்றார் அவர். பரவாயில்லை என்று சொல்லி, அவன் அங்கேயே நின்றான்.